ரிம்மைக் கேட்டுட்டு டயரை வாங்குங்க

பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் சென்னையிலேருந்து ஜீப்புல வந்திருந்தான். செகண்ட்ல வாங்கின வண்டி. வாசல்ல நிறுத்தின கையோட போனை நீட்டினான். "மாமா, இந்த டயரைப் பாருங்க. இதைத்தான் மாட்டப் போறேன். ரிம்மும் மாத்துறேன், பத்து இன்ச் ரிம்."

டயர் அளவு 31x10.50 ஆர் 15. அதாவது 31 அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம், 15 அங்குல ரிம்முல உட்காரும். வண்டியில இப்ப இருக்கிற ரிம் 7 அங்குல அகலம். "ஏம்பா பத்து இன்ச்?" என்று கேட்டேன். "அகலமா இருந்தாதான் மாமா டயர் நல்லா விரிஞ்சு உட்காரும். மணல்லயும் சேத்துலயும் மாட்டாது. பார்க்கவும் மாஸா இருக்கும்."

கடைசியா சொன்னான் பாருங்க, அதுதான் முதல் காரணம். நானும் ஒரு காலத்துல அதே காரணத்துக்காக ஏமாந்தவன். அதனால அவனைச் சிரிக்க முடியல. சாப்பிட உட்கார்ந்தப்ப என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன். ஊர்ல டிராக்டர் வெச்சிருக்கிற அண்ணன் தம்பி உங்களில் பல பேருக்கு இருப்பாங்க. மலைக்கும் கடற்கரைக்கும் ஜீப்பை ஓட்டிக்கிட்டுப் போறவங்களும் இருப்பீங்க. ரெண்டு பேருக்கும் இது ஒரே பாடம்தான்.

என் டிராக்டர் 2009-ல வாங்கினது. பின் டயர் 13.6-28. இந்த நம்பருக்கு அர்த்தம் ரொம்ப சுலபம். முதல் நம்பர் டயரோட அகலம், அங்குலத்துல. ரெண்டாவது, ரிம்மோட விட்டம். இதுக்கு மேல 14.9, அதுக்கும் மேல 16.9. புது ரேடியல் டயர்ல இதையே 340, 380, 420-ன்னு மில்லிமீட்டர்ல போடுறான். பேருதான் வேற.

2016-ல என் டயர் பட்டன் தேய்ஞ்சு வழுக்கையாயிடுச்சு. புது ஜோடி வாங்கணும்னா ஒரு மல்லாட்டைப் போகத்துல மிஞ்சுற காசு அப்படியே போயிடும். அப்பதான் பக்கத்து ஊர்ல ஒருத்தர் பெரிய வண்டியிலேருந்து கழட்டின 16.9 ஜோடி வெச்சிருந்தார். பட்டன் பாதிக்கு மேல இருந்துச்சு, விலையும் பாதிதான். பெரிய டயர் சின்ன விலைக்குக் கிடைக்குதுன்னா எந்த விவசாயிதான் விடுவான்? எடுத்துட்டு வந்து ரோட்டோரக் கடையில, என் பழைய ரிம்முலயே மாட்டச் சொன்னேன். மாட்டுறவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம், "உக்காரும்ணே, காத்து அடிச்சா எல்லாம் உக்காரும்" என்றார்.

உட்கார்ந்துச்சு. தெருவுல ஓட்டிக்கிட்டு வந்தப்ப டீக்கடையில எல்லாரும் எழுந்து நின்னு பார்த்தாங்க. அம்பது ஹெச்.பி. வண்டி மாதிரி நிக்குதுன்னு ஒருத்தர் சொன்னார். அந்த ஒரு நாள் சந்தோஷம் நல்லாத்தான் இருந்துச்சு.

என் ரிம் 12 அங்குலம். 13.6 டயருக்கு அதுதான் சரியான அளவு. 14.9 டயருக்கு 13 அங்குல ரிம் வேணும், 12-லயும் ஒப்பேத்தலாம். ஆனா 16.9 டயருக்கு 15 அங்குலம் வேணும். மூணு அங்குலம் குறைவான ரிம்முல நான் மாட்டிட்டேன். இது எனக்கு அப்ப தெரியாது. டயர் விட்டமும் ரிம் விட்டமும் 28, ரெண்டும் 28, பொருந்திடுச்சு, அவ்வளவுதான் என் கணக்கு.

ரிம் குறுகலா இருந்தா என்ன ஆகும்? சாக்குப் பையை வாய்ப்பக்கம் சேர்த்துப் பிடிச்சா வயிறு உருண்டு வரும் இல்லையா, அதே மாதிரி டயரோட ரெண்டு ஓரமும் உள்ள இழுபட்டு, நடு முதுகு உருண்டு மேல வரும். பார்க்கப் பதினேழு அங்குலம். தரையில படுறது நடுவுல இருக்கிற பட்டன் மட்டும். ஓரத்துப் பட்டன் மண்ணைத் தொடாம அந்தரத்துல சுத்தும். அகலத்துக்குக் காசு கொடுத்துட்டு, பழைய டயரை விடக் குறைவான இடத்தைத் தரையில வெச்சு ஓட்டியிருக்கேன். கொல்லையில ஒன்பது கலப்பை போட்டு ஓட்டுனப்ப வண்டி சறுக்குச்சு. டீசலும் கூடக் குடிச்சுது. டயர் உயரம் நாலஞ்சு அங்குலம் கூடிட்டதால, அதே கியர்ல வேகம் கூடி இழுவை குறைஞ்சு போச்சு. அதையும் நான் கணக்குல எடுக்கல.

சட்டிக் கலப்பை போட்டப்ப இன்னொரு கூத்து. அந்தக் கலப்பையில ஒரு பக்கத்துச் சக்கரம், முன்னாடி ஓட்டின சாலுக்குள்ளயே போகணும். சால் அகலம் ஏறக்குறைய ஒரு அடி. பதினேழு அங்குல டயர் அதுக்குள்ள எப்படிப் போகும்? பாதி சால்ல, பாதி இப்பதான் பொரட்டிப் போட்ட மண்ணு மேல. உழுத மண்ணை நானே மிதிச்சு இறுக்கிக்கிட்டே போனேன்.

ஓரப் பட்டன் தரையில படட்டும்னு காத்தைக் குறைச்சேன். என் தப்புலயே பெரிய தப்பு அதுதான். காத்தைக் குறைக்கிறது தன்னளவுல நல்ல விஷயம், அதை அப்புறம் சொல்றேன். ஆனா பொருந்தாத ரிம்முல காத்தைக் குறைச்சா, டயர் ரிம்மைப் பிடிக்காது. இழுவை கூடுறப்ப ரிம் சுத்தும், டயர் பின்தங்கும். உள்ள இருக்கிற டியூப் டயரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதோட வால்வு ரிம்மோட ஓட்டையில மாட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எது பிய்யும்?

அந்த வருஷம் கரும்பு வெட்டுக்கு ஆர்டர் வந்து, ராத்திரி லோடு ஏத்தி அனுப்பினேன். ஓட்டினது என் பையன். பத்தொன்பது வயசு. கொல்லைக்காகக் குறைச்ச காத்தை ரோட்டுக்கு ஏத்த மறந்துட்டேன். ஏரிக்கரை மேல திரும்புற இடத்துல வலது பின் டயர் வால்வு பிய்ஞ்சுது. அந்தப் பக்கம் வண்டி பொத்துன்னு இறங்க, பின்னாடி டிரெய்லர் லோடு தள்ள, கரையோரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மட்கார்டு ஒரு பனைமரத்துல இடிச்சு நின்னுச்சு. மரத்துக்கு அந்தப் பக்கம் பதினஞ்சு அடிப் பள்ளம், அப்புறம் தண்ணி.

பையனுக்கு ஒரு கீறல் இல்ல. கரும்பை இறக்கி வேற வண்டியில ஏத்தி எடை போட ரெண்டு நாள் ஆச்சு. வெட்டின கரும்பு காயக் காய எடை குறையும், எவ்வளவு போச்சுன்னு நான் கணக்குப் பார்க்கல. பார்க்க மனசு வரல. ரிம் ஓரம் வளைஞ்சு, டயர் பக்கச் சுவர் கிழிஞ்சு, ரெண்டும் காயலான் கடைக்குப் போச்சு. வீட்டுல ஒரு மாசம் என்கிட்ட யாரும் டயர் பேச்சே எடுக்கல.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தைக் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குப் புரிஞ்சது இதுதான். டயர் அகலம் என்பது தனியா வாங்குற பொருள் இல்ல. ரிம் எவ்வளவு அகலமோ, காத்தை எவ்வளவு குறைக்கப் போறோமோ, அந்த ரெண்டும் சேர்ந்துதான் டயர் தரையில எவ்வளவு அகலமா உட்காரும்னு முடிவு பண்ணுது.

காத்துக் கணக்கை இப்படி வெச்சுக்கங்க. டயருக்குள்ள எத்தனை பி.எஸ்.ஐ. காத்து இருக்கோ, ஏறக்குறைய அதே அழுத்தம், கொஞ்சம் கூடவே, கீழ மண்ணு மேல விழும். அகலமான டயர்ல 25 காத்து வெச்சு ஓட்டுறவனை விட, சின்ன டயர்ல 12 வெச்சு ஓட்டுறவன் மேல் மண்ணைக் குறைவாத்தான் இறுக்குறான். அகல டயரோட பலனே, அதே எடையைக் குறைஞ்ச காத்துல தாங்கும் என்பதுதான். காத்தைக் குறைக்காம அகல டயர் போடுறது, பெரிய குண்டான்ல அரைப்படி அரிசி வடிக்கிற மாதிரி. இன்னொண்ணு, அடி ஆழத்து மண்ணு இறுகுறதை எந்த அகல டயரும் முழுசாத் தடுக்காது. அது வண்டியோட மொத்த எடையைப் பொறுத்தது. ஈரம் காயாத கொல்லையில லோடு டிப்பரை இறக்கிட்டு, அகல டயர் காப்பாத்தும்னு நினைக்காதீங்க.

அமெரிக்காவுல 1932-ல அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனிக்காரங்கதான் காத்து டயர் போட்ட டிராக்டரை விவசாயிகளுக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் இரும்புச் சக்கரம்தான். அவங்க முதல்ல சோதிச்சுப் பார்த்தது ஏரோப்பிளேன் டயரை. அதைக் காத்துக் குறைவா வெச்சுத்தான் வயல்ல ஓட்டினாங்க. ஆக, ஆரம்பத்திலேருந்தே வயலுக்கு வேண்டிய ரகசியம் குறைஞ்ச காத்துதான். அந்தக் காத்துல டயர் கழண்டு வராம பிடிச்சிருக்கிறது ரிம்மோட வேலை.

சரி, ரிம் தேவைக்கு மேல அகலமா இருந்தா என்ன? என் தங்கச்சி மகன் பண்ணப் போன தப்பு அதுதான். என் தப்புக்கு நேர் எதிர்.

அகல ரிம்முல டயரோட ரெண்டு ஓரமும் வெளிய இழுபடும். பக்கச் சுவர் விறைச்சு நிக்கும். சாதாரணமா டயரோட கன்னம் ரிம்மை விடக் கொஞ்சம் பிதுங்கி இருக்கும். கல்லு, வேர் எது உரசினாலும் ரப்பர்தான் முதல்ல வாங்கும். அகல ரிம்முல அந்தக் கன்னம் காணாம போயிடும், ரிம் ஓரம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். பாறையில முதல் அடி ரிம்முக்குத்தான். அதுக்கு மேல, டயரோட உள் ஓரத்துல கம்பி வெச்ச வளையம் இருக்கே, அதை பீட்னு சொல்வாங்க, அது ரிம்முல இறுக்கமா உட்காராது. மணல்ல காத்தை 15-க்கு இறக்கிட்டுத் திரும்புனா, பீட் ரிம்மை விட்டு நழுவி, மொத்தக் காத்தும் ஒரே நொடியில போயிடும். டியூப் இல்லாத டயர் வேற. நடு மணல்ல நின்னுக்கிட்டு என்ன பண்ணுவான் அவன்?

அதனாலதான் காடு மேடு ஓட்டுற பழக்கமுள்ளவங்க, கம்பெனி சொல்ற அளவுக்குள்ள குறுகல் பக்கமா இருக்கிற ரிம்மையே எடுக்கிறாங்க. குறுகல் ரிம் பீட்டைக் கவ்விப் பிடிக்கும். தார் ரோட்டுல வேகமா ஓட்டுறவங்களுக்கு மட்டும், வளைவுல ஆட்டம் குறையணும்னு, அகலப் பக்கம் போறதுல நியாயம் இருக்கு. மணல்ல ஓட்டணும், சேத்துல ஓட்டணும்னு சொல்லிக்கிட்டே ரோட்டுக்காரன் ரிம்மை வாங்குறது எனக்குப் புரியல.

அவன் பார்த்த 31x10.50 டயருக்கு டயர்க்காரன் போடுற அளவு 7 அங்குலத்திலேருந்து 9 அங்குலம் வரை. ராத்திரி அவன் போன்லயே தேடிப் பார்த்தோம், அப்படித்தான் போட்டிருந்துச்சு. பத்து அங்குலம் அதுக்குள்ளயே வரல. அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கிற 7 அங்குலம் வருது! பத்து இன்ச் ரிம் எடுக்கச் சொன்ன கடைக்காரர் இந்த அட்டவணையைப் பார்த்தாரா, பார்த்தும் சொல்லலையா, எனக்குத் தெரியாது. ரிம் விற்கிறவருக்கு ரிம் விற்கணும். அது அவர் தொழில்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். டிராக்டர் கணக்கு வேற, ஜீப் கணக்கு வேற. டிராக்டர்ல ரிம், டயரை விட ஒண்ணரை ரெண்டு அங்குலம்தான் குறைவா இருக்கும். ஜீப் டயர்ல ரெண்டு மூணு அங்குலம் குறைவா இருந்தாலும் அதுதான் சரி. ஒண்ணோட கணக்கை இன்னொண்ணுக்குப் போட்டா, நான் மாட்டின மாதிரி மாட்டிக்குவீங்க. ஒவ்வொரு டயர் அளவுக்கும் தனி அட்டவணை இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க.

அளக்கிறதுலயும் ஒரு சூது இருக்கு. ரிம் அகலம்னா வெளி விளிம்பிலேருந்து வெளி விளிம்பு இல்ல. உள்ள டயர் உட்கார்ற இடத்துக்கு இடையில உள்ள தூரம். வெளியே டேப் வெச்சா ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடக் காட்டும். செகண்ட்ல ரிம் விற்கிறவங்க வெளி அளவைச் சொல்லியே விற்பாங்க. அளக்கவே வேணாம், ரிம்முலயே அச்சடிச்சிருக்கும். டிராக்டர்ல டபிள்யூ 12 x 28 மாதிரி இருக்கும். ஜீப்புல 7ஜே x 15 மாதிரி. மண்ணையும் துருவையும் தேய்ச்சுட்டுப் பார்த்தா தெரியும். ஏழு வருஷம் என் வண்டி ரிம்முல அந்த எழுத்து இருந்திருக்கு, நான் ஒரு நாளும் தேய்ச்சுப் பார்க்கல.

சேத்துக்கு அகல டயர் வேணும் என்கிற பேச்சுக்கும் வர்றேன். இதுவும் பாதிதான் உண்மை. நம்ம கழனியில சேடை ஓட்டுறப்ப மேல முழங்கால் சேறு, அடியில கெட்டித் தரை. சக்கரம் அந்தக் கெட்டித் தரையைத் தொட்டாதான் வண்டி நகரும். மிதக்கிற அகல டயர் அங்க உதவாது, சேத்தை மாவு மாதிரி பிசையும், அவ்வளவுதான். அதுக்குத்தான் கேஜ் வீல் மாட்டுறோம். இரும்புச் சக்கரத்தை ஒழிச்சு காத்து டயர் வந்துச்சு, கழனிக்கு மட்டும் நாம மறுபடியும் இரும்பையே மாட்டிக்கிட்டு இருக்கோம். (கேஜ் வீலோட தார் ரோட்டுல ஏறி ரோட்டை நாசம் பண்றவங்களைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும். எங்க ஊர் ரோடு போட்டு ஒரு வருஷம்கூட ஆகல.)

கொல்லையில இழுவை பத்தலைன்னாலும் அகல டயர்தான் வழின்னு இல்ல. வால்வை மேல வெச்சு அந்த மட்டத்துக்குத் தண்ணி விட்டா டியூப்புல முக்கால்வாசி நிரம்பும். எடை கூடும், சறுக்கல் குறையும். தண்ணிக்குக் காசு இல்ல. வேலை முடிஞ்சா வடிச்சுடலாம். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரத்தையும் ரிம்மைத் திருப்பி மாட்டிக் கூட்டலாம், குறைக்கலாம். கரும்புப் பார் நடுவுல போறப்ப எனக்கு டயர் அகலத்தை விட இதுதான் அதிகம் உதவுது. டயர் குறுகலா இருந்தா பார் மிதிபடாது.

இப்ப நான் ஓட்டுறது மறுபடியும் 13.6 தான், அதே 12 அங்குல ரிம்முல. கொல்லைக்குக் காத்து 12, லோடுக்கு ஏத்திக்குவேன். எவ்வளவு ஏத்துறதுன்னு வண்டியோட கொடுத்த புத்தகத்துல இருக்கு, மட்கார்டு உள்பக்கம் பெயின்ட்ல எழுதியும் வெச்சிருக்கேன், பையனுக்காக. டீக்கடையில யாரும் எழுந்து நின்னு பார்க்கிறதில்ல.

நாலே ஏக்கர்காரனுக்கு இவ்வளவு டயர் ஞானம் எதுக்குன்னு என் வீட்டுக்காரம்மாவே கேக்குறா. ஷோரூம்ல புது வண்டி எடுக்கப் போனா, "பெரிய டயர் போட்டுத் தரவா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த மண்ணு, என்ன பயிர், டிரெய்லர் இழுப்பீங்களா, ரிம் என்ன அகலம்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல. நாமளும் கேக்கிறதில்ல. கடனுக்கு வாங்குற வண்டியில, கடனுக்கே இன்னும் ரெண்டு அங்குலம் சேர்த்து வாங்கிட்டு வர்றோம். நகரத்துல இருக்கிற நீங்களும் அப்படித்தான் வாங்குறீங்கன்னு தங்கச்சி மகனைப் பார்த்ததும் தெரிஞ்சுது. உங்களுக்கு அந்த மாதிரி வண்டியை ஓட்டுறது ஒரு பொழுதுபோக்கு. ஆனா வளைவுல டயர் கழண்டா, பனைமரம் எல்லா இடத்துலயும் இருக்காது.

கிளம்புறப்ப அவனை என் டிராக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனேன். டயர் பக்கச் சுவர்லேருந்து ரிம் வரைக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வெச்சிருக்கேன். தினமும் வண்டியை எடுக்கும்போது பார்ப்பேன். டயர்ல இருக்கிற கோடும் ரிம்முல இருக்கிற கோடும் நேரா இருந்தா நல்லது. விலகியிருந்தா டயர் ரிம்முல நழுவுதுன்னு அர்த்தம், அன்னிக்கு லோடு இல்ல. அவன் குனிஞ்சு கோட்டைத் தடவிப் பார்த்தான். "இது அன்னிக்கு இருந்திருந்தா அத்தான் தப்பிச்சிருப்பாருல்ல மாமா?" என்றான்.

போன வாரம் போன் பண்ணினான். பத்து இன்ச் ரிம் ஆர்டரை ரத்து பண்ணிட்டானாம். முன்பணத்துல பாதிதான் திரும்பக் கிடைச்சுதாம். 7 இன்ச்லயே டயரை மாட்டினா ஸ்டியரிங்கை முழுசாத் திருப்புறப்ப உள்பக்கம் உரசுமா, இல்ல 8 இன்ச் வாங்கிடலாமான்னு கேட்டான். முதல்ல ஒரே ஒரு டயரைப் பழைய ரிம்முல மாட்டி, வண்டியை ஜாக்கியில தூக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருன்னு சொல்லியிருக்கேன். உரசலைன்னா ரிம் காசும் மிச்சம். ஞாயித்துக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்னிருக்கான்.